ஒன்பதாம் சுற்றுக்குப் பிறகு

கடலூர் மத்திய சிறை
2.9.2024

நவ்ஷாத்துக்கு,

மச்சான் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இதைக் கொண்டுவரும் தமிழ்மணி என் வக்கீலின் குமாஸ்தா. ஜெயில் தபாலில் போட்டால் நாலு பேர் படித்துச் சிரித்த பிறகுதான் உனக்கு வரும். பதிலையும் அவர் கையிலேயே கொடு.

உள்ளே வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. சனிக்கிழமை வக்கீல் வந்து விஷயத்தை நேராகச் சொன்னார். அருள்முருகனை நான் ஹெல்மெட்டால் ஒரு தடவை அடித்தேன் என்றால் ஆத்திரத்தில் கை நீண்டுவிட்டது என்று வாதாடலாம், ஒன்றிரண்டு வருஷத்தில் முடியும். மூன்று தடவை அடித்தேன் என்றால் கொலை முயற்சி. "ஏழோ பத்தோ, சொல்ல முடியாதுப்பா" என்றார். செஸ் போட்டி நடந்த மண்டபத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் அப்போது மூன்றே பேர். அடித்த நான், அடிபட்ட அவன், வேன் மறைவில் நின்ற நீ. முதல் அடிக்குப் பிறகு அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லையாம். ஆக, ஒன்றா மூன்றா என்று சொல்ல வேண்டியவன் நீ.

போலீஸில் மூன்று என்று சொல்லியிருக்கிறாய். கோர்ட்டில் ஒன்று என்று சொல். அன்றைக்குப் பயத்தில் ஏதோ உளறிவிட்டேன் என்று சொல். மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

இதை உதவி என்று நினைத்துக்கொள்ளாதே. நீ செய்த துரோகத்துக்குப் பரிகாரம் இது. பதினோரு வருஷமாக என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சனி ஞாயிறு எங்கே செஸ் டோர்னமென்ட் நடந்தாலும் வந்தவன் நீ. சிதம்பரத்தில் கடைசி ரவுண்டு, ஒன்பதாவது. எனக்கு ஒரு யானை அதிகம். நான் ஜெயித்தால் மாவட்டத்து ஆட்டக்காரனுக்கு என்று மேடையில் வைத்திருந்த கோப்பை எனக்கு. எதிரில் ஆடிய அருள்முருகன், அந்த மங்கலம்பேட்டைக்காரன், கையைத் தூக்குகிறான். "சார், ராணியத் தொட்டுட்டு உட்டுட்டாரு." நான் தொடவில்லை என்கிறேன். ஆர்பிட்டர் பக்கத்து போர்டில் இருந்த உன்னைக் கேட்கிறார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நீ "தொட்டாரு சார்" என்கிறாய். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்று ராணியை நகர்த்த வைத்தார்கள். ராணி போனது, ஆட்டம் போனது, கோப்பையும் போனது.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கில் முள்ளா குத்தியிருக்கும்?

கோர்ட்டில் ஒன்று என்று சொல். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

உத்திராபதி


மஞ்சக்குப்பம்
9.9.2024

உத்திராபதி மாமாவுக்கு,

நீ மச்சான் என்று எழுதாவிட்டால் போ. எனக்கு மாமா என்று எழுதித்தான் பழக்கம்.

உன் கடிதத்தில் கோப்பை இருக்கிறது, யானை இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். அருள்முருகனின் கண் மட்டும் இல்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். உன் ஹெல்மெட்டில் கண்ணாடி உடைந்து இரும்புத் துண்டு துருத்திக்கொண்டிருந்ததே, மாற்று மாற்று என்று ரெண்டு வருஷமாக அடித்துக்கொண்டேனே, அதுதான் கிழித்திருக்கிறது. தாடை ரெண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஸ்ட்ராவில் கஞ்சி குடிக்கிறான். அவன் விருத்தாசலம் ரூட்டில் பிரைவேட் பஸ் ஓட்டுகிறவன் என்பதாவது உனக்குத் தெரியுமா? ஒரு கண்ணோடு இருப்பவனுக்கு இனி யார் பஸ்ஸைக் கொடுப்பார்கள்? அவன் மனைவி ஞானாம்பாள் என்னைக் கேட்டாள்: "செஸ்ஸுன்னா உக்காந்துதானண்ணா ஆடுவாங்க, அதுல எப்புடிண்ணா கண்ணு போவும்?" வாங்கிக்கொண்டு போன ஆரஞ்சைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது என்னைப் பார்த்து. அவன் குறுக்கே வந்து, "உடுங்க சார், வெளையாட்டுதான" என்றான். என் தலைக்கு வந்தது அவன் முகத்தில் விழுந்தது. சரி, முதல் அடி ஆள் மாறி விழுந்தது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன். ஆனால் அவன் கீழே விழுந்த பிறகு, யார் என்று குனிந்து பார்த்த பிறகு, பக்கத்தில் மண்டி போட்டு இன்னும் இரண்டு போட்டாயே. தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. அந்த இரண்டும் யாருக்கு மாமா? நான் வேன் பின்னாலேயே நின்றேன். கோழை என்று சொல், ஒத்துக்கொள்கிறேன்.

துரோகம் என்கிறாய். அன்று காலை ஆறாவது ரவுண்டில் நீயும் நானும் மோதினோமே, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? நாம் மோதினால் பத்து மூவ் ஆடிவிட்டு டிரா செய்துகொள்வது பதினோரு வருஷத்து வழக்கம். நான் கையை நீட்டினேன். நீ பார்க்காதது மாதிரி குதிரையை நகர்த்தினாய். அடித்து முடித்தாய், அது ஆட்டம், போகட்டும். மத்தியானம் சாம்பார் சாதத்துக்கு வரிசையில் நிற்கும்போது அத்தனை பேர் முன்னால், "நான் ஒரிஜினல்பா, இவன் என் ஜெராக்ஸ்" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு அந்த ஜோக் ஒன்றும் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு வலித்தது.

கோர்ட்டில் மூன்று என்றுதான் சொல்வேன்.

நவ்ஷாத்


கடலூர் மத்திய சிறை
27.9.2024

நவ்ஷாத்,

உபதேசம் போதும். ஒரு ஜோக்குக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன் எனக்கு நியாயம் சொல்லித்தர வேண்டாம்.

முந்தாநாள் சோற்று வரிசையில் ஒருவன் என் தட்டைத் தட்டிவிட்டான். காதைப் பிடித்து அவன் தலையைச் சுவரில் மோதினேன். சாயங்காலம் அவனுடைய ஆட்கள் நாலு பேர் பாத்ரூமில் வைத்து என்னை மிதித்தார்கள். விலா எலும்பு ஒன்றில் விரிசல் விட்டிருக்கிறது என்கிறார் டாக்டர். மூச்சை இழுக்கும்போதெல்லாம் உன் முகம்தான் வருகிறது. அந்த நாலு பேர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, உன் மேல்தான் வருகிறது.

பண்ருட்டியில் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. மூன்று லாரிக்கு பாடி கட்டும் வேலை பாதியில் நிற்கிறது. நம் வீட்டையும் பூட்டிவிட்டு ஸ்ரீமதி அவள் தம்பி கொளஞ்சியப்பன் வீட்டில் இருக்கிறாள். ஜாமீன் மனு அக்டோபர் பத்தாம் தேதி வருகிறது. அதற்குள் கொளஞ்சியப்பன் உன்னை வந்து பார்ப்பான். பேசத்தான் வருகிறான். அவன் பேச்சு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் என்னைக் குறை சொல்லாதே.

உத்திராபதி


மஞ்சக்குப்பம்
14.10.2024

மாமா,

உன் மச்சினன் வந்து பேசிவிட்டுப் போனான்.

நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். நான் வரும்வரை மகள் ஃபர்ஹீன்தான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொளஞ்சியப்பனும் கூட இரண்டு பேரும் உள்ளே நின்று ஜெராக்ஸ் மெஷினைக் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தார்கள். அவள் தடுக்கப் போயிருக்கிறாள். மணிக்கட்டு உடைந்து கை வேறு பக்கம் பார்த்துத் தொங்கியது. அவள் அழக்கூட இல்லை, கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க மாமாவ உள்ள தள்ளிட்டு நீ இங்க சொகமா கட நடத்துவியாடா?" என்றான் அவன்.

கவுண்டர் மேல் பெரிய ஸ்டேப்ளர் இருக்குமே, கனமானது, அதை எடுத்து அவன் வாயில் அடித்தேன். கூட வந்த இருவரும் ஓடிவிட்டார்கள். அவன் பேப்பர் கட்டு மேல் உட்கார்ந்துவிட்டான். "அண்ண, வேணாண்ண" என்று கும்பிட்டான். கும்பிட்டவனை மறுபடி அடித்தேன். அப்புறம் எத்தனை என்று நான் எண்ணவில்லை. முன்பற்கள் நாலு போய்விட்டன. கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுத வந்த ஜனங்கள்தான் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள்.

இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். அடிக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது மாமா. அடிக்க அடிக்க இன்னும் அடிக்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் ஃபர்ஹீன் கை உடைந்து நிற்கிறாள் என்பதே மறந்துபோனது. உன் இரண்டாவது அடியும் மூன்றாவது அடியும் எங்கிருந்து வந்தன என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்ததால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மேலும் என் மேலும் ஒரே மாதிரி அருவருப்பாக இருக்கிறது.

சாட்சியை மிரட்டியதாகச் சொல்லி உன் ஜாமீன் மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்று தமிழ்மணி சொன்னார். உன் தலையில் நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாய். என் மேலும் கேஸ் போட்டிருக்கிறார்கள், ஜாமீனில் இருக்கிறேன். இனிமேல் எனக்கு எழுதாதே. மூன்று என்று சொல்வேன், கோர்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வேன்.

நவ்ஷாத்


கடலூர் மத்திய சிறை
15.12.2024

நவ்ஷாத்துக்கு,

எழுதாதே என்றாய், இரண்டு மாசம் எழுதவில்லை. இந்த மாச ஆரம்பத்து மழையில் கடலூரே மிதந்தது என்று சொன்னார்கள். உன் கடைக்குள் தண்ணீர் வந்ததா? ஃபர்ஹீன் கை கூடிவிட்டதா? நான் கடையை உடைக்கத்தான் சொல்லி அனுப்பினேன், அவள் மேல் கை வைக்கச் சொல்லவில்லை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. கடையை உடைக்க ஆள் அனுப்பியவன் அதில் என்ன நியாயம் பேசுவது?

போன வாரம் ஸ்ரீமதி மனு போட்டு என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எந்தம்பி பல்லு போச்சி, அந்தப் பொண்ணு கை போச்சி, அந்தாளு கண்ணு போச்சி. நீங்க அந்த ராணியத் தொட்டீங்களா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். நாலு மாசமாக என்னை யாரும் கேட்காத கேள்வி. வக்கீல்கூடக் கேட்கவில்லை.

தொட்டேன் என்றேன்.

உன் கடையில் நாம் ஆடுவது எப்படி? நடுவில் யாராவது ஆதார் கார்டை நீட்டுவார்கள், நீ எழுந்து போவாய். நான் ஒரு காயைத் தூக்கிக் கையில் உருட்டிக்கொண்டே யோசிப்பேன். பிடிக்காவிட்டால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன், நீயும் ஒன்றும் சொல்ல மாட்டாய். பதினோரு வருஷம் அப்படியே ஆடிய கை. டோர்னமென்ட்டில் மட்டும் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்காருவேன், நீ கேலி செய்வாய். அன்றைக்கு ஜெயித்துவிட்டோம் என்ற தெம்பில் கையை வெளியே எடுத்துவிட்டேன். ராணி மேல் விரல் பட்டதும் எனக்கே சுருக்கென்றது. பட்டதை இல்லை என்றேன்.

நான் பொய் சொன்னேன், நீ உண்மையைச் சொன்னாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு அதே வண்டியில் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். எல்லோர் முன்னாலும் என்னைப் பொய்யன் ஆக்கினாய், நான் பொய்யனாகவே இருந்தேன். அதனால்தான் உன்னைக் கொல்ல ஓடி வந்தேன்.

அடித்தது மூன்று தடவைதான், எனக்கும் எண்ணத் தெரியும். கோர்ட்டில் நீ என்ன வேண்டுமானாலும் சொல்.

உத்திராபதி


மஞ்சக்குப்பம்
20.1.2025

மாமா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மாசம் பதில் எழுதாமல் ஓட்டினேன். எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுக்கிறவன் நான், எனக்கு என்று எழுத உட்கார்ந்தால் வரவில்லை. நீ என்னை உண்மை சொன்னவன் என்று எழுதிவிட்டாய்.

நீ தொட்டதை நான் பார்க்கவில்லை.

உன் போர்டுப் பக்கமே நான் திரும்பவில்லை. என் ஆட்டம் அப்போதுதான் தோற்று முடிந்திருந்தது. தலையைக் குனிந்து காய்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆர்பிட்டர் வந்து, "நீங்க பாத்தீங்களா?" என்றார். எனக்கு அந்தச் சாம்பார் சாத வரிசைச் சிரிப்புதான் காதில் கேட்டது. "தொட்டாரு சார்" என்றேன். நீ தோற்க வேண்டும் என்பதைத் தவிர அந்த நேரத்தில் மனதில் ஒன்றும் இல்லை. உன் கையைப் பற்றி எனக்குத் தெரியும், தொட்டுத்தான் இருப்பாய் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அல்லாஹ்வுக்குத் தெரியும், இனி உனக்கும் தெரியட்டும்.

நான் பார்க்கவில்லை என்பது அருள்முருகனுக்குத் தெரியாது. நான் உண்மை பேசிய மனுஷன் என்று நினைத்துத்தான் என்னைக் காப்பாற்ற அவன் குறுக்கே வந்தான். ஆஸ்பத்திரியில் கம்பி கட்டிய வாயோடு என் கையைப் பிடித்து நன்றி சொன்னான்.

சம்மன் வந்துவிட்டது. பிப்ரவரி 24, சிதம்பரம் கோர்ட். மூன்று என்று சொல்வேன், அது நான் கண்ணால் பார்த்தது. இதையும் அங்கேயே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். சொன்னால் நான் பொய் சாட்சிக்காரன் என்று உன் வக்கீல் பிடித்துக்கொள்வார், மூன்றையும் ஜட்ஜ் நம்ப மாட்டார். நீ ஒன்றிரண்டு வருஷத்தில் வெளியே வந்துவிடுவாய், அருள்முருகனுக்கு நியாயமும் போய்விடும். சொல்லாவிட்டால் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியாது. என்ன செய்வது என்று தெரியவில்லை மாமா.

நவ்ஷாத்


கடலூர் மத்திய சிறை
3.2.2025

நாயே,

கடிதத்தைப் படித்த கையோடு சுவரில் குத்தினேன். வலது கையில் இரண்டு விரல் உடைந்துவிட்டது. இடது கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாகத்தான் இருக்கும், படித்துக்கொள்.

உண்மை சொன்னவனை அடிக்கப் போனோமே என்று நான் இங்கே கூனிக் குறுகிக் கிடந்தேன். ஸ்ரீமதியிடம் உன்னைப் புகழ்ந்து பேசினேன். நீ என் மேல் இருந்த வயிற்றெரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு அருள்முருகன் குறுக்கே வராமல் இருந்திருக்க வேண்டும். அத்தனையும் உன் மண்டையில் விழுந்திருக்க வேண்டும். மூன்றோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

உன் கடிதம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. வக்கீலிடம் கொடுத்தால் உன் சாட்சியைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். கொடுப்பேனா மாட்டேனா என்று இருபத்து நாலாம் தேதி வரை முழித்துக்கொண்டு கிட.

உத்திராபதி


சிதம்பரம்
26.2.2025

மாமா,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூக்கில் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறார்கள், வாயால்தான் மூச்சு விடுகிறேன்.

நீ என் கடிதத்தைக் கொடுக்கவில்லை என்பது உன் வக்கீல் கேள்வி கேட்ட விதத்திலேயே தெரிந்தது. கூண்டிலிருந்து உன்னைப் பார்த்தேன், நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவர் உட்கார்ந்த பிறகு நானாகவே சொன்னேன், டோர்னமென்ட்டில் நான் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னேன் என்று. ஜட்ஜ் எழுதிக்கொண்டார். உன் வக்கீல் துள்ளி எழுந்தார். "அன்னைக்குப் பாக்காததப் பாத்தேன்னு சொன்னவரு, இன்னைக்கு மட்டும் ஒன்னு ரெண்டு மூனுன்னு எண்ணுனாராக்கும்!" கோர்ட்டே சிரித்தது. அருள்முருகன் மட்டும் சிரிக்கவில்லை.

நீ போலீஸ் வண்டியில் ஏறிப் போன பிறகு நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வராந்தாவில் அவன் எனக்காகக் காத்திருந்தான். "நீ பாக்கவே இல்லியா? ஒனக்காவ நான் குறுக்க வந்தன்டா" என்றான். தாடை சரியாகச் சேராததால் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. பிறகு அடித்தான். ஒரு கண்தான் இருக்கிறது, ஆனால் ஒரு குத்தும் தப்பவில்லை. மூக்கு உடைந்தது, தூணில் போய் மோதி நெற்றி கிழிந்தது. விழுந்த பிறகும் விலாவில் உதைத்தான். நான் கையைத் தூக்கவில்லை. ஞானாம்பாள்தான் அவன் சட்டையைப் பிடித்து, "போதும், ஊட்டுக்கு வா" என்று இழுத்தாள்.

கோர்ட் போலீஸ்காரர் ஓடி வந்து யார் அடித்தது என்றார். அருள்முருகன் கையில் என் ரத்தத்தோடு ஐந்தடி தள்ளி நின்றான். படிக்கட்டில் வழுக்கிவிட்டேன் சார் என்றேன். அவர் என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார், நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

உனக்கு இனி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகும். என் சாட்சி செல்லாது. நீ நினைத்தது நடந்துவிட்டது, இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை.

நவ்ஷாத்


கடலூர் மத்திய சிறை
23.4.2025

மச்சான்,

நேற்று தீர்ப்பு. ஏழு வருஷம்.

உன் சாட்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து ஜட்ஜ் என்னைக் கூப்பிட்டு, சாட்சிகள் சொன்னதைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டார். வக்கீல் முதல் நாளே பாடம் நடத்தியிருந்தார். "பொய் சாட்சின்னு ரெண்டே வார்த்த சொல்லிட்டு வாய மூடிக்க. மத்தது தானா நடக்கும்." எனக்கும் அதுதான் எண்ணம். சொல்ல வாயைத் திறந்தேன். அருள்முருகன் முன் பெஞ்சில் உட்கார்ந்து இருக்கிற ஒரு கண்ணால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூனு தடவ அடிச்சங்கய்யா. மொத அடி வேற ஆளுக்கு, இவரு குறுக்க வந்துட்டாரு. மத்த ரெண்டும் இவருக்குத்தான். யாருன்னு பாத்துட்டுத்தான் அடிச்சன்" என்றேன். ஜட்ஜ் மறுபடி ஒரு தடவை கேட்டார், மறுபடியும் சொன்னேன். வக்கீல் ஃபைலை மூடிவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. இந்தக் கடிதத்தைத் தமிழ்மணி தன் சொந்தப் பொறுப்பில்தான் கொண்டுவருகிறார்.

நல்லவன் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ மூக்கு உடைந்தும் படிக்கட்டில் வழுக்கினேன் என்று சொன்னதாக எழுதினாயே, அதைப் படித்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. உன்னிடம் தோற்று எனக்குப் பழக்கமில்லை. இரண்டு வருஷத்தில் வெளியே வந்து உன் கடைக்கு எதிரில் நின்று டீ குடிக்கும்போது நீ என்னைப் பார்க்கிற பார்வையை நினைத்துப் பார்த்தேன். அதற்கு ஏழு வருஷம் தேவலாம் என்று பட்டது. ஸ்ரீமதி கோர்ட்டிலேயே விழுந்து அழுதாள். அவளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

பட்டறையைக் கொளஞ்சியப்பன் திறந்துவிட்டானாம். அவன் இனி உன் பக்கம் வர மாட்டான், நான் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஃபர்ஹீனிடம் நான் கேட்டதாகச் சொல். மன்னிப்பு என்ற வார்த்தையை அவளுக்கு எழுத எனக்கு யோக்கியதை இல்லை, நீ வேறு ஏதாவது சொல்லிக்கொள்.

இப்போதும் உன்னை நினைத்தால் கை முறுக்குகிறது. சில நாள் உன்னை நினைத்துச் சிரிப்பும் வருகிறது. எது எந்த நாள் வரும் என்று எனக்கே தெரிவதில்லை. ஒழுங்காக இருந்தால் ஐந்து வருஷத்தில் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். விடுகிற அன்று கேட்டுக்கு வெளியே வந்து நிற்காதே. உன்னைப் பார்த்ததும் அடிக்காமல் இருப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் வா.

உத்திராபதி